மூலிகைச் சாரத்துக்கு வலி, வீக்கம் குறைக்கும் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்மசி, சித்த மருத்துவ முதுநிலை மாணவர்களும், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. எல்லாவற்றுக்கும் ஒரே செடியை, நொச்சி இலையை, எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். வேறு செடி என்றால் பெயரையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம், முறை அதேதான்.

நொச்சி வலிக்கு நல்லதுன்னு பாட்டிக்கே தெரியுமே, இதுல சோதிக்க என்ன இருக்கு?

பாட்டிக்குத் தெரிந்தது ஒத்தடமும் ஆவி பிடித்தலும். நீங்கள் எலிக்குக் கொடுக்கப்போவது 70% எத்தனாலில் எடுத்த சாரம், அதுவும் வாய்வழியாக. இரண்டும் ஒரே பொருள் அல்ல. எந்த வடிவத்தில், எந்த அளவில், எந்த வகை வலிக்கு, எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பவை தனித்தனிக் கேள்விகள். அவற்றுக்கு மரபு பதில் வைத்திருக்கவில்லை.

நொச்சியில் ஏற்கெனவே வேலை நடந்திருக்கிறது. முற்றிய பச்சை இலையின் நீர்ச் சாரத்தை எலிகளுக்கு வாய்வழி கொடுத்து இலங்கையில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. வீக்கம், வலி இரண்டும் குறைந்ததோடு ஹிஸ்டமின் எதிர்ப்பும் அதில் தெரிந்தது. ஆகவே “நொச்சிக்கு வலி குறைக்கும் குணம் உண்டா” என்று மட்டும் கேட்டு ஆய்வைத் தொடங்கினால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில நொச்சின்னு கேட்டு வாங்கினா போதாதா? ஹெர்பேரியம் எதுக்கு?

போதாது. நொச்சி என்பது வைடெக்ஸ் நெகுண்டோ. நீர்நொச்சி வைடெக்ஸ் டிரைஃபோலியா. கருநொச்சி என்று பல இடங்களில் சொல்வது ஜஸ்டீசியா ஜென்டருசா. அது குடும்பத்திலேயே வேறு. உலர்ந்து நொறுங்கிய இலையில் இவற்றைக் கண்ணால் பிரிக்க முடியாது. பச்சையாக இருக்கும்போது சுலபம்: நொச்சியில் ஒரு காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள் விரல்போல் பிரிந்திருக்கும், அடிப்பக்கம் வெளிறிய சாம்பல் நிறம். ஜஸ்டீசியாவில் தனி இலை, எதிரெதிராக.

பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேமிப்பகத்திலோ அடையாளம் உறுதிசெய்து, மாதிரி எண் வாங்குங்கள். பறித்த இடம், மாதம், இலையின் முதிர்ச்சி மூன்றையும் குறித்துவையுங்கள். ஆடியில் பறித்த இலையும் மார்கழியில் பறித்த இலையும் வேதியியலில் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எத்தனை கிலோ இலை பறிக்கணும்?

கடைசியிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 200 கிராம் எலிக்கு கிலோவுக்கு 200 மி.கி. என்றால் 40 மி.கி., 400 என்றால் 80 மி.கி. குழுவுக்கு ஆறு எலி. இரண்டு அளவுக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு 720 மி.கி. நச்சுத்தன்மைச் சோதனையில் கிலோவுக்கு 2000 மி.கி. வீதம் ஆறு எலிக்கு 2.4 கிராம். 21 நாள் மூட்டழற்சிச் சோதனையும் உண்டென்றால் அதற்கு மட்டும் 15 கிராமுக்கு மேல். சுண்டெலிச் சோதனைகளுக்கு மிகக் குறைவு. ஒரு சோதனைக்கு 90 மி.கி. போதும்.

எல்லாம் சேர்த்து 20 கிராம் வரும். அதை இரட்டிப்பாக்குங்கள். ஏதாவது ஒரு சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். அப்போது புதிதாக இலை பறித்தால் அது வேறு சரக்கு, பழைய முடிவோடு ஒட்டாது. 12% சாரம் கிடைக்கிறது என்று வைத்தால் 40 கிராமுக்கு ஏறக்குறைய 350 கிராம் உலர்பொடி. சலிப்பதிலும் வடிப்பதிலும் போகும் இழப்பையும் சேர்த்து அரை கிலோ பொடி. பச்சை இலை காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் மிஞ்சும் என்பதால் இரண்டு கிலோ பறித்தால் கை கடிக்காது.

தண்ணியா, எத்தனாலா, மெத்தனாலா? எதுல எடுக்கிறது?

கேள்வி மரபுப் பயன்பாட்டைப் பற்றியது என்றால் தண்ணீர். எந்தச் சேர்மம் வேலை செய்கிறது என்று தேடினால் 70% எத்தனால் நல்ல தொடக்கம். நொச்சியின் அக்னுசைடு, நெகுண்டோசைடு போன்ற இரிடாய்டு கிளைகோசைடுகளும், காஸ்டிசின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் அதில் வரும். மெத்தனால் நன்றாக இழுக்கும். ஆனால் மிச்சம் தங்கினால் நச்சு. அதை எலிக்குக் கொடுத்துவிட்டு நச்சுத்தன்மைச் சோதனை செய்தால் எதைச் சோதிக்கிறீர்கள் என்றே தெரியாது.

நிழலில் உலர்த்தி, கரகரப்பாக அரைத்து, 40ஆம் எண் சல்லடையில் சலியுங்கள். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். 500 கிராமுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் கரைப்பான் ஊற்றி, அவ்வப்போது கலக்கி, 72 மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். ரோட்டரி ஆவியாக்கியில் 45 டிகிரியைத் தாண்டாமல் கரைப்பானை நீக்குங்கள். நொச்சியில் ஆவியாகும் எண்ணெயும் உண்டு. சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால் அது தங்காது. சாரத்தை ஈரம் உறிஞ்சும் டெசிகேட்டரில் எடை மாறாதவரை வைத்து, மூடி, 4 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் அக்னுசைடை அடையாளச் சேர்மமாக வைத்து, சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.டி.எல்.சி. படம் எடுத்துவிடுங்கள். சாரத்தின் ஆதார் அட்டை அதுதான்.

எக்ஸ்ட்ராக்ட் தண்ணியில கரையவே மாட்டேங்குது, கட்டி கட்டியா நிக்குது. என்ன பண்ணலாம்?

கரைய வேண்டியதில்லை, சீராகத் தொங்கி நின்றால் போதும். கல்வத்தில் சாரத்தை முதலில் இரண்டு மூன்று சொட்டு ட்வீன் 80 (கலக்க உதவும் பொருள்) விட்டுக் குழைத்து, பிறகு கெட்டித்தன்மை தரும் 0.5% சோடியம் சி.எம்.சி. கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரையுங்கள். கிலோவுக்கு 10 மி.லி. கொடுப்பதாக வைத்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள்: 400 மி.கி. அளவுக்கு மி.லி.க்கு 40 மி.கி. அன்றன்றைக்குத் தயாரியுங்கள். ஒவ்வொரு எலிக்கும் ஊசிக்குழலில் எடுக்கும் முன் குலுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் எலிக்குத் தெளிநீரும் கடைசி எலிக்கு வண்டலும் போகும். ஒரே குழுவுக்குள் முடிவுகள் தாறுமாறாகச் சிதறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் (சாரம் பெறாத ஒப்பீட்டுக் குழு) அதே ட்வீன், அதே சி.எம்.சி., அதே கொள்ளளவு. வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

அனுமதி யார்கிட்ட வாங்கணும்? வேலையை முடிச்சிட்டு வாங்கினா ஆகாதா?

ஆகாது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டத்தின் கீழ் சி.சி.எஸ்.இ.ஏ. என்ற குழு இதைக் கண்காணிக்கிறது, முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்டது. உங்கள் நிறுவனம் அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ‘பி’ படிவத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் எண் வந்த பிறகே முதல் எலியைத் தொடலாம். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலி எவ்வளவு நேரம், முடிவில் என்ன செய்வீர்கள் என்று எல்லாவற்றுக்கும் காரணம் எழுத வேண்டும்.

மார்ஃபினை ஒப்பீட்டு மருந்தாக வைக்க நினைத்தால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். டிரமடாலும் 2018இல் அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. அந்தக் காகித வேலையை முதல் மாதமே தொடங்குங்கள்.

எல்லாரும் 200, 400 மி.கி.ன்னு போடறாங்களே, அது எங்கிருந்து வந்துச்சு?

பெரும்பாலும் பழக்கத்திலிருந்து. ஓ.இ.சி.டி. 423 என்ற நச்சுத்தன்மைச் சோதனை நெறிமுறைப்படி மூன்று பெண் எலிகளுக்கு கிலோவுக்கு 2000 மி.கி. கொடுத்து, 14 நாள் கவனித்து, இன்னொரு மூன்றிலும் அதையே செய்து, சாவு இல்லை என்றால் “2000 வரை பாதுகாப்பு” என்று எழுதி, அதில் பத்தில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் எடுத்துக்கொள்கிறார்கள். 2000 என்பது பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு அல்ல, சோதனை நிற்கும் வரம்பு மட்டுமே. அதில் பத்தில் ஒன்று எடுப்பதற்கு மருந்தியல் காரணம் எதுவும் கிடையாது.

மேலான வழி, 50, 100, 200, 400 என்று நான்கு அளவில் சிறு முன்சோதனை. அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறதா என்று பாருங்கள். 100இலும் 400இலும் ஒரே விளைவு என்றால் ஒன்று உச்சத்தைத் தொட்டுவிட்டீர்கள், அல்லது நீங்கள் பார்ப்பது மருந்தின் விளைவே அல்ல.

பாத வீக்கச் சோதனையை ஒரு தடவை முழுசா சொல்லுங்க.

1962இல் வின்டரும் கூட்டாளிகளும் எழுதிய முறை இன்றும் அடிப்படை. 150 முதல் 200 கிராம் விஸ்டார் எலிகளை இரவு உணவின்றி வையுங்கள், தண்ணீர் உண்டு. காலையில் வலது பின்னங்காலில் கணுக்கால் மூட்டின்மேல் அழியாத மையால் கோடு போடுங்கள். பாதத்தின் கன அளவை அளக்கும் பிளெதிஸ்மோமீட்டரில் அந்தக் கோடு வரை அமிழ்த்தி முதல் அளவை எடுங்கள். சாரமோ, கிலோவுக்கு 10 மி.கி. இன்டோமெதசினோ, வெறும் கலவையோ வாய்வழி கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, உப்புநீரில் கலந்த 1% கராஜினான் (வீக்கம் உண்டாக்கும் கடற்பாசிப் பொருள்) 0.1 மி.லி.யை உள்ளங்காலின் தோலுக்கடியில் 26ஆம் எண் ஊசியால் செலுத்துங்கள். 1, 2, 3, 4, 5 மணி நேரத்தில் மறுபடி அளவெடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கராஜினானை அவசரமாகக் கலக்கினால் கட்டி தட்டும். முந்தைய இரவே ஊறவைத்துச் சீராக்குங்கள். ஊசியை எடுக்கும்போது மருந்து வெளியே கசிந்தால் அந்தக் கால் குறைவாகத்தான் வீங்கும். அதைப் பார்த்த உடனே குறிப்பேட்டில் எழுதுங்கள், முடிவு வந்தபின் நினைவுகூர்ந்து நீக்கக் கூடாது. மூன்றாவது, கோடு. இரண்டு பேர் மாறி மாறி அளந்தால் கோடு இருந்தும் பயனில்லை. ஒருவரே அளக்கட்டும், அவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல் இருக்கட்டும்.

கணக்கு எப்போதும் கூடுதல் வீக்கத்தில்தான். கட்டுப்பாட்டுக் குழுவில் கால் 1.10இலிருந்து 1.90 மி.லி. ஆனது, கூடுதல் 0.80. சாரக் குழுவில் 1.10இலிருந்து 1.58, கூடுதல் 0.48. குறைப்பு 40%. முழு அளவான 1.90ஐயும் 1.58ஐயும் வைத்துக் கணக்கிட்டால் 17% என்று வரும். அது தவறு.

முதல் மணி நேரத்துல ஒண்ணுமே இல்ல, மூணாவது மணிக்குத்தான் குறையுது. ஃபெயிலா?

இல்லை, உங்களுக்குக் கிடைத்த துப்பே அதுதான். கராஜினான் வீக்கம் கட்டம் கட்டமாக வருகிறது. முதல் ஒன்றரை மணி நேரம் ஹிஸ்டமின், செரடோனின் ஆட்சி, பிறகு பிராடிகைனின், இரண்டரை மணிக்குமேல் புரோஸ்டாகிளாண்டின். இன்டோமெதசின், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் பிந்தைய கட்டத்தில்தான் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் மணியில் குறைந்தால் அந்தப் பாதையைச் சந்தேகிக்கலாம். முதல் மணியிலேயே குறைந்தால் ஹிஸ்டமின் எதிர்ப்பு. முதலில் சொன்ன இலங்கை ஆய்வு நினைவிருந்தால், நொச்சியில் இரண்டையும் எதிர்பார்க்க இடமுண்டு. ஆனால் இது சந்தேகம்தான், நிரூபணம் அல்ல. பாதையை உறுதிசெய்ய புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் காக்ஸ் நொதியையோ புரோஸ்டாகிளாண்டின் அளவையோ நேரடியாக அளக்க வேண்டும்.

ரைத்திங்ல 70% குறைஞ்சிருக்கு, ஹாட் பிளேட்ல ஒண்ணுமே இல்ல. எதை நம்பறது?

இரண்டையும். 0.6% அசிட்டிக் அமிலத்தை கிலோவுக்கு 10 மி.லி. வீதம் சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, 20 நிமிடத்தில் எத்தனை முறை வயிற்றை முறுக்கிப் பின்னங்காலை நீட்டுகிறது என்று எண்ணுவது ரைத்திங். இது ஆஸ்பிரின் வகை மருந்துக்கும் மசியும், மார்ஃபினுக்கும் மசியும். ஹாட் பிளேட் 55 டிகிரி சூட்டுத்தட்டு. பாதத்தை நக்குவதற்கோ துள்ளுவதற்கோ ஆகும் நேரத்தை அளக்கிறோம். மூளையின் பங்கு இதில் அதிகம். மார்ஃபின் வகை மருந்துகளைத்தான் நன்றாகக் காட்டும். ரைத்திங் குறைந்து ஹாட் பிளேட் மாறவில்லை என்றால், சாரம் புண்பட்ட இடத்தில், அழற்சியின் வழியாக வேலை செய்கிறது என்பதே முதல் ஊகம்.

ஆனால் ரைத்திங் எளிதில் ஏமாற்றும். ஹிஸ்டமின் எதிர்ப்பு, தசைத் தளர்ச்சி, தூக்கம் எல்லாமே எண்ணிக்கையைக் குறைக்கும். ஆகவே ஃபார்மலின் சோதனையையும் சேருங்கள். சுண்டெலியின் பாதத்தில் 20 மைக்ரோலிட்டர் செலுத்தி, முதல் ஐந்து நிமிடமும் 15 முதல் 30 நிமிடம் வரையும் நக்கும் நேரத்தை அளக்க வேண்டும். முதல் கட்டம் நரம்பை நேரடியாகத் தூண்டும் வலி, இரண்டாவது அழற்சி வலி. இரண்டாவது மட்டும் குறைந்தால் மேலே சொன்ன ஊகம் வலுப்படும். இரண்டும் குறைந்தால் மூளை, தண்டுவடப் பாதையும் சேர்ந்திருக்கலாம்; மார்ஃபினின் விளைவைத் தடுக்கும் நலாக்ஸோனை முன்கூட்டிக் கொடுத்து அந்த விளைவு மறைகிறதா என்று பாருங்கள்.

ஹாட் பிளேட்டில் 15 விநாடிக்குமேல் எந்த விலங்கையும் விடாதீர்கள், பாதம் வெந்துவிடும். ஒரே சுண்டெலியைப் பலமுறை ஏற்றினால் அது பழகிக்கொண்டு தட்டில் வைத்ததுமே துள்ளும்; அதுவும் எண்ணைக் கெடுக்கும்.

எலி சாரம் குடிச்சதும் ஓரமா சுருண்டு படுத்திருது. வலி இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. தூங்கும் எலியும் பாதத்தை நக்காது. எலிக்கு வலிக்கவில்லை என்று சொல்லத் தெரியாது. அது அசையவில்லை என்பதை மட்டும் நாம் பார்க்கிறோம். நொச்சி இலையின் மெத்தனால் சாரம் பெண்டோபார்பிட்டோன் தரும் தூக்கத்தை நீட்டித்ததாக ஆய்வு உண்டு. எனவே இந்தச் செடிக்கு ரோட்டாராடும் (சுழலும் கம்பி) ஆக்டோஃபோட்டோமீட்டரும் (நடமாட்டம் அளக்கும் கருவி) விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம். வலிச் சோதனையில் பயன்படுத்திய அதே அளவு, அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். கம்பியிலிருந்து சீக்கிரம் விழுந்தாலோ நடமாட்டம் பாதியானாலோ வலிச் சோதனை எண்களை வலி குறைப்பாக எழுத முடியாது. அசையாமலேயே அளக்கக்கூடிய பாத வீக்கம் மட்டும் அப்போதும் செல்லும்.

வாய்வழி கொடுத்தா வேலை செய்யல, வயித்துல ஊசி போட்டா பிரமாதமா வேலை செய்யுது. அதையே எழுதட்டுமா?

வேண்டாம். கச்சாச் சாரத்தை வயிற்றறைக்குள் செலுத்தினால் டானினும் சபோனினும் அங்கேயே எரிச்சலை உண்டாக்கும். ஓரிடத்தில் அழற்சி இருந்தால் உடல் இன்னோரிடத்து வீக்கத்தை அடக்கும். அப்போது பாத வீக்கம் குறைவது சாரத்தின் குணத்தால் அல்ல, வயிற்றில் நீங்கள் மூட்டிவிட்ட தீயால். வாய்வழி வேலை செய்யவில்லை என்றால் அதையே எழுதுங்கள்.

எலியே இல்லாம, முட்டை வெள்ளைக்கரு வச்சு பண்ற சோதனை போதாதா?

0.2 மி.லி. வெள்ளைக்கரு, 2.8 மி.லி. பாஸ்பேட் கரைசல், 2 மி.லி. சாரம், 37 டிகிரியில் 15 நிமிடம், 70 டிகிரியில் ஐந்து நிமிடம், பிறகு 660 நானோமீட்டரில் கலங்கல் அளவு. ஒரு பிற்பகலில் முடியும், செலவு இல்லை. ஆனால் அது காட்டுவது புரதம் திரிவதை ஒரு பொருள் தடுக்கிறதா என்பதை மட்டும். டானின் புரதத்தோடு ஒட்டி வீழ்படிவாகும், பச்சையம் ஒளியை விழுங்கும். இரண்டும் எண்ணைக் குலைக்கும். புரதம் இல்லாத சாரத்தை மட்டும் வைத்து ஒரு வெற்றளவு எடுக்காமல் வந்த எந்த முடிவையும் ஒதுக்கிவிடலாம். வகுப்புச் செய்முறைக்கு நல்லது, ஆய்வேட்டின் முதுகெலும்பாக்காதீர்கள்.

விலங்கைத் தவிர்க்க வேண்டுமென்றால் ரா 264.7 என்ற சுண்டெலி நோயெதிர்ப்புச் செல்கள் மேலான வழி. மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் எல்.பி.எஸ். (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருள்) கொடுத்து 24 மணி நேரம் கழித்து கிரீஸ் வினைப்பொருளால் நைட்ரைட்டை அளக்கலாம். செல் செத்தாலும் நைட்ரைட் குறையும் என்பதால் செல்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் எம்.டி.டி. சோதனையும் உடன் ஓட வேண்டும். அங்கும் ஒரு பொறி: பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கும். செல் இல்லாத குழியில் சாரம் மட்டும் போட்டுப் பாருங்கள். கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. 0.1% தாண்டாமல் இருக்கட்டும்.

எங்க சாரம் டைக்ளோஃபெனாக்கைவிட நல்லா வேலை செஞ்சிருக்கு. தலைப்புலயே போடலாமா?

முதலில் டைக்ளோஃபெனாக் சரியாக வேலை செய்ததா என்று பாருங்கள். 10 மி.கி. கொடுத்தும் வீக்கம் சொற்பமாகத்தான் குறைந்தது என்றால் அன்றைய சோதனையே கெட்டிருக்கிறது. சாரத்தின் எண்ணும் அதோடு போகும். சரியாக வேலை செய்திருந்தாலும் 10 மி.கி. தூய மருந்தையும் 400 மி.கி. சாரத்தையும் ஒப்பிட்டு “மேல்” என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் அளவு–விளைவு வளைகோடு வரைந்து, பாதி விளைவு தரும் அளவுகளை ஒப்பிட்டால்தான் பேச்சுக்கு இடம்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பி 0.05க்குக் கீழ வந்துருச்சு. அப்புறம் என்ன?

எப்படி வந்தது என்பதுதான். நான்கு குழுக்களைக் கட்டுப்பாட்டோடு ஐந்து நேரங்களில் டி சோதனையால் ஒப்பிட்டால் இருபது ஒப்பீடு. சாரத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று தற்செயலாகத் தேறிவிடும். ஒவ்வொரு எலிக்கும் ஐந்து நேர அளவுகளையும் வளைகோட்டின் கீழ்ப்பரப்பாக ஒரே எண்ணாக்கி, பல குழுக்களை ஒன்றாக ஒப்பிடும் ஒருவழி அனோவா செய்து, டன்னெட் சோதனையால் கட்டுப்பாட்டோடு ஒப்பிடுங்கள். எந்த நேரத்தை முதன்மை முடிவாக எடுப்பது என்று எலியைத் தொடும் முன்பே நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. குழுப் பிரிப்பைச் சீட்டுக் குலுக்கியோ கணினியாலோ செய்யுங்கள். கூண்டில் கைக்கு முதலில் சிக்கும் எலி மந்தமான எலி. அதுவெல்லாம் ஒரே குழுவில் போய்ச் சேரும்.

நாள்பட்ட மூட்டுவலிக்குன்னு சொல்லணும்னா இந்தச் சோதனையே போதுமா?

ஐந்து மணி நேர வீக்கத்தை வைத்து ஐந்து வருட மூட்டுவலியைப் பேச முடியாது. பருத்தி உருண்டைச் சோதனையில் 10 மி.கி. கிருமிநீக்கிய பஞ்சை மயக்கத்தில் தோலுக்கடியில் வைத்து, ஏழு நாள் சாரம் கொடுத்து, சுற்றி வளர்ந்த திசுவோடு எடுத்து, 60 டிகிரியில் உலர்த்தி எடை போடுவார்கள். மூட்டழற்சியைத் தூண்டும் ஃபிராயிண்ட் துணைப்பொருள் 0.1 மி.லி. செலுத்தும் மூட்டழற்சிச் சோதனை 21 அல்லது 28 நாள். இதில் சாரத்தை முதல் நாளே தொடங்கினால் நீங்கள் சோதிப்பது தடுப்பு. ஊசி போடாத காலும் வீங்கத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய பதினான்காம் நாள், தொடங்கினால்தான் சிகிச்சை. நோயாளி வருவது வீங்கிய பிறகுதான்.

எலிக்கு 400 மி.கி. சரியா இருந்துச்சு. மனுஷனுக்கு எவ்வளவு?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி எலியின் அளவை 6/37ஆல் பெருக்க வேண்டும். 400 மி.கி. என்பது கிலோவுக்கு 65 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 3.9 கிராம் சாரம். 12% கிடைக்கும் கணக்கில் 32 கிராம் உலர் இலை, ஒரு வேளைக்கு. இந்த அளவு நடைமுறைக்கு ஒத்துவராது. சாரத்தைப் பிரித்துச் செறிவாக்க வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. இந்தக் கணக்கு மனித ஆய்வைத் திட்டமிட மட்டும். யாரும் இதை வைத்துச் சாரம் குடிக்கக் கூடாது.

ஒத்தடத்தைப் பத்தி கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே? எங்களுக்கு வேணும்கிறது அதுதான்.

அதற்கு மேலே சொன்ன வாய்வழிச் சோதனை எதுவும் பொருந்தாது. சாரத்தைக் களிம்பாக்கி, சுண்டெலியின் ஒரு காதில் சைலீனோ குரோட்டன் எண்ணெயோ தடவி, இரு காதிலும் ஒரே அளவு வட்டத் துண்டு வெட்டி எடை வித்தியாசம் பார்ப்பது எளிய தொடக்கம். களிம்பின் அடிப்பொருளை மட்டும் தடவிய குழு கட்டாயம். வெறும் வாசலினே கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

ஒத்தடத்தில் சூடும் இருக்கிறது, இலையும் இருக்கிறது. மனிதரில் சோதிப்பதென்றால் வேறொரு இலையை அதே சூட்டில், அதே துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கும் குழு வேண்டும். நொச்சியின் வாசனை யாருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அந்த இலைக்கும் வாசனை ஏற்ற வேண்டியிருக்கும். நெறிமுறைக் குழு இங்கே வேறு. மனிதர்களுக்கான குழு, அதோடு சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் முதல் ஆள் சேரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.